பூமிக்கு அருகே வரும் அபோபிஸ்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நமது கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி, சென்னை எனத் தமிழகத்தின் கடலோர ஊர்களும், இலங்கை, இந்தோனேசியா போன்ற நாடுகளும் பேரிழப்புக்கு ஆளாயின. உலகம் முழுவதும் அந்தத் துயரச் செய்தியிலேயே ஆழ்ந்திருந்தது. அதே வாரத்தில் வானியலாரிடமிருந்து வேறொரு செய்தியும் வந்தது. அதைப் பலர் கவனிக்கவே இல்லை. 2029ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஒரு சிறுகோள் பூமியின்மீது மோதக்கூடும், அதற்கான வாய்ப்பு முப்பத்தேழில் ஒன்று என்பதே அச்செய்தி!

அன்பு மாணவர்களே, பயப்பட வேண்டாம். அந்தச் சிறுகோள் பூமியின்மீது மோதப்போவதில்லை. ஆனால் குறிப்பிட்ட அந்த நாளில் அது நம்மை மிகவும் நெருங்கி வரப்போவது உண்மை. முப்பத்தேழில் ஒன்று என்றிருந்த வாய்ப்பு எப்படிச் சுழியாயிற்று? மோதாது என்று இன்று எவ்வாறு உறுதியாகச் சொல்ல முடிகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதற்கு உங்கள் பள்ளிப் பாடநூலில் உள்ள இயற்பியலே பெரும்பாலும் போதும்.

சிறுகோள்கள்

சூரியனைச் சுற்றி வருபவை எட்டுக் கோள்கள் மட்டுமல்ல. கல்லும் உலோகமுமாக இலட்சக்கணக்கான சிறு பொருள்களும் அதைச் சுற்றுகின்றன. இவையே சிறுகோள்கள். இவற்றுள் முதலாவதான சீரிஸ் 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலான சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் சுற்றுகின்றன. ஆனால் சில அங்கிருந்து விலகி, பூமியின் பாதைக்கு அருகிலும் அதைக் குறுக்கே வெட்டியும் செல்கின்றன. இப்படிப்பட்டவற்றுள் 35,000க்கும் மேற்பட்டவை இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. நமது கட்டுரையின் நாயகனான அபோபிஸ் இக்கூட்டத்தைச் சேர்ந்தது.

கண்டதும் காணாமற் போனதும்

2004ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிட் பீக் வான் ஆராய்ச்சி நிலையத்தில் ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி ஆகிய மூவர் இச்சிறுகோளைக் கண்டனர். இரண்டு இரவுகள் மட்டுமே அதைப் பார்க்க முடிந்தது. அதன்பின் அது கண்ணில் படவில்லை. டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் நிலையத்திலிருந்து அது மீண்டும் காணப்பட்டது. ஜூன் மாதம் பார்த்ததும் டிசம்பரில் பார்த்ததும் ஒரே பொருள்தான் என்று தெரிந்தவுடன் அதன் பாதையைக் கணக்கிடத் தொடங்கினர். எதிர்காலத்தில் அது எங்கெங்கே இருக்கும் என்று பார்த்தபோதுதான் 2029ஆம் ஆண்டின் ஆபத்து தெரியவந்தது.

பின்னர் 2005ஆம் ஆண்டில் அதற்கு 99942 என்னும் வரிசை எண்ணும் அபோபிஸ் என்னும் பெயரும் வழங்கப்பட்டன. பண்டைய எகிப்தியரின் புராணத்தில், கதிரவன் கடவுளை விழுங்கப் பார்க்கும் இருள் பாம்பின் கிரேக்கப் பெயர் இது.

முப்பத்தேழில் ஒன்று

டிசம்பர் 23ஆம் நாள் மோதல் வாய்ப்பு ஏறத்தாழ முந்நூறில் ஒன்று என்றனர். மறுநாள் அறுபத்திரண்டில் ஒன்று என்றனர். டிசம்பர் 27 அன்று அது முப்பத்தேழில் ஒன்றாயிற்று. சிறுகோள் ஆபத்துகளைச் சுழி முதல் பத்து வரை தரம் பிரிக்கும் டொரினோ அளவுகோலில் அபோபிஸ் நான்காம் இடத்தைப் பெற்றது. வேறு எந்தச் சிறுகோளும் இதுவரை அந்த எண்ணை எட்டியதில்லை. ஆனால் அதே டிசம்பர் 27 அன்றே 2029ஆம் ஆண்டு மோதல் இல்லை என்ற முடிவுக்கும் வந்துவிட்டனர்!

இதென்ன வேடிக்கை? காலையில் ஆபத்து, மாலையில் ஒன்றுமில்லையா? கணக்கிட்டவர்கள் தவறு செய்துவிட்டார்களா? இல்லை. நிகழ்தகவின் இயல்பே அதுதான். ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம்.

மழையில் நனைந்து முகவரி அழிந்துபோன ஒரு கடிதம் தபால்காரரின் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் மட்டும் தெரிகிறது. ஊரில் 300 வீடுகள் உள்ளன. எனவே கடிதம் உங்கள் வீட்டுக்கு உரியதாக இருக்க முந்நூறில் ஒரு வாய்ப்பு. சற்று உற்றுப் பார்த்ததும் தெருவின் பெயர் புலப்படுகிறது. அது உங்கள் தெருதான். அங்கே 62 வீடுகள். வாய்ப்பு அறுபத்திரண்டில் ஒன்றாக உயர்கிறது. பின்னர் தெருவின் கிழக்கு வரிசை என்று தெரிகிறது. அவ்வரிசையில் உங்கள் வீட்டையும் சேர்த்து 37 வீடுகள். இப்போது முப்பத்தேழில் ஒன்று. அடுத்த நொடியில் கதவிலக்கத்தின் முதல் இலக்கம் 5 என்று தெரிகிறது. உங்கள் வீட்டு இலக்கமோ 14. வாய்ப்பு ஒரேயடியாகச் சுழி!

கடிதம் உங்கள் வீட்டை நெருங்கி வந்து பிறகு விலகிப் போகவில்லை. அதன் முகவரி தொடக்கம் முதலே ஒன்றுதான். மாறியது நமது அறிவு மட்டுமே. சிறுகோளுக்கும் இது பொருந்தும். சில நாட்களின் பதிவுகளை மட்டும் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அது இருக்கும் இடத்தைச் சொல்ல முயன்றால், விடை ஒரு புள்ளியாகக் கிடைக்காது. நீண்ட கோடு போன்ற ஒரு பகுதியாகவே கிடைக்கும். சிறுகோள் அக்கோட்டில் எங்கும் இருக்கலாம். பதிவுகள் கூடக்கூடக் கோடு சுருங்குகிறது. பூமி இன்னும் கோட்டுக்குள்ளேயே இருக்குமானால், மோதல் வாய்ப்பு உயர்கிறது. பூமி கோட்டுக்கு வெளியே போனதும் வாய்ப்பு மறைகிறது.

அபோபிஸின் கதவிலக்கத்தைக் காட்டிக் கொடுத்தது பழைய படம் ஒன்று. கிட் பீக்கிலேயே இயங்கும் ஸ்பேஸ்வாட்ச் என்னும் வான் ஆய்வுத் திட்டத்தார் 2004 மார்ச் 15 அன்று எடுத்த படங்களில், யாரும் கவனிக்காத மங்கலான புள்ளியாக அபோபிஸ் பதிவாகியிருந்தது. கண்டுபிடிப்புக்கு மூன்று மாதம் முந்திய இப்பதிவு கோட்டை வெகுவாகச் சுருக்கிவிட்டது. பூமி அதற்கு வெளியே நின்றது.

இதே நாடகம் அண்மையிலும் நடந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்.ஆர்.4 என்னும் சிறுகோள் 2032ஆம் ஆண்டில் பூமியைத் தாக்கும் வாய்ப்பு, 2025 பிப்ரவரியில் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல்வரை ஏறியது. சில நாட்களிலேயே அதுவும் இல்லாமற் போயிற்று. இனி இதுபோன்ற செய்தியைப் படிக்கும்போது, தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அபோபிஸின் பாதை

சூரியனுக்கும் பூமிக்கும் இடையேயுள்ள சராசரித் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். இதை ஒரு வானியல் அலகு என்பர். அபோபிஸ் சூரியனைச் சுற்றும் நீள்வட்டப் பாதையின் சராசரித் தொலைவு 0.922 வானியல் அலகு. சூரியனுக்கு அண்மையில் வரும்போது 0.746 அலகும், சேய்மையில் செல்லும்போது 1.10 அலகும் தொலைவில் இருக்கும். அதாவது ஒரு முனையில் வெள்ளியின் பாதையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. மறுமுனையில் பூமியின் பாதைக்கு வெளியே வந்துவிடுகிறது. பூமியின் பாதைத் தளத்திற்கு அதன் தளம் 3.3 பாகை மட்டுமே சாய்ந்துள்ளது.

அது ஒரு முறை சூரியனைச் சுற்றிவர எத்தனை நாள் ஆகும்? கெப்ளரின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். தொலைவை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் எடுத்துக்கொண்டால், காலத்தின் வர்க்கம் தொலைவின் முப்படிக்குச் சமம். 0.922இன் முப்படி 0.784. அதன் வர்க்கமூலம் 0.885. எனவே சுற்றுக் காலம் 0.885 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 323 நாட்கள். நுட்பமான கணக்கின் விடையும் இதை ஒட்டியதே. நானூறு ஆண்டுகளுக்கு முன் கோள்களுக்காகக் கண்டறிந்த விதி, ஒரு சிறு கல்லுக்கும் மாறாமல் பொருந்துவதைப் பாருங்கள்!

அபோபிஸின் ஆண்டு நமது ஆண்டைவிடச் சிறியது. இப்படிச் சராசரித் தொலைவு ஓர் அலகுக்குக் குறைவாகவும், பூமியின் பாதையை வெட்டுவதாகவும் உள்ள சிறுகோள்களை ஏடன் வகை என்பர். ஓர் அலகுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து வந்து வெட்டுபவை அப்பல்லோ வகை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

கல்லா, மலையா?

அபோபிஸின் சராசரி விட்டம் சுமார் 340 மீட்டர். நீண்ட பக்கத்தில் 450 மீட்டர்வரை இருக்கலாம். உருண்டையாக இல்லாமல், நிலக்கடலையைப் போல் நீண்ட வடிவம் கொண்டது. சிலிகேட் கனிமங்கள் நிறைந்த கல் வகையைச் சேர்ந்தது. தன்னைத்தானே சுற்றுவதிலும் இதற்கு ஒழுங்கு இல்லை. பம்பரம் தள்ளாடுவதுபோல ஒரே நேரத்தில் இரு வகையில் புரண்டுகொண்டே செல்கிறது.

இதன் அடர்த்தியை நீரைப்போல் 2.6 மடங்கு என்று வைத்துக்கொண்டால், நிறை சுமார் ஐந்தரைக் கோடி டன் ஆகும். மலைபோன்ற இந்த நிறையும் ஈர்ப்பைப் பொறுத்தவரை அற்பமே. அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் பூமியில் உள்ளதில் ஏறத்தாழ எண்பதாயிரத்தில் ஒரு பங்குதான். இங்கே 50 கிலோகிராம் எடை காட்டும் மாணவர் அங்கே ஒரு கிராம்கூடக் காட்டமாட்டார். விடுபடு திசைவேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் அளவே. மெல்ல எம்பிக் குதித்தாலே போதும், நீங்கள் திரும்பித் தரைக்கு வரமாட்டீர்கள்!

ஆனால் இதே கல் பூமியின்மீது விழுவதாகக் கற்பனை செய்தால், நொடிக்கு 12.6 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும். இயக்க ஆற்றலின் வாய்ப்பாட்டில் இந்த எண்களைப் பொருத்தினால், ஹிரோஷிமா நகரை அழித்த அணுகுண்டின் ஆற்றலைப்போல் அறுபதாயிரம் மடங்குக்கு மேல் கிடைக்கும். 2013ஆம் ஆண்டு ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த விண்கல்லின் குறுக்களவு சுமார் 20 மீட்டர்தான். அது உடைத்த கண்ணாடிகளாலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வானியலார் கவலை கொண்டதன் காரணம் இப்போது விளங்கும்.

2029 ஏப்ரல் 13

அன்று உலக நேரப்படி இரவு 9 மணி 46 நிமிடத்தில் அபோபிஸ் பூமிக்கு மிக அருகில் வரும். அப்போது நம் கடிகாரங்களில் மறுநாள் அதிகாலை 3 மணி 16 நிமிடம், அதாவது ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளின் விடியலுக்கு முன். பூமியின் மையத்திலிருந்து 38,000 கிலோமீட்டர், தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் அது கடந்து செல்லும். நமது தொலைக்காட்சி, வானிலைச் செயற்கைக்கோள்கள் சுற்றும் 36,000 கிலோமீட்டர் உயரத்தைவிட இது குறைவு.

இதை மனக்கண்ணில் காண ஒரு சென்டிமீட்டரை ஆயிரம் கிலோமீட்டராகக் கொள்வோம். பூமி 13 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பந்து. சந்திரன் அதிலிருந்து ஏறத்தாழ நான்கு மீட்டர் தள்ளி இருக்கும். அபோபிஸ் பந்தின் மேற்பரப்பிலிருந்து 32 சென்டிமீட்டரில், ஒரு பள்ளி அளவுகோலின் நீளத்தை விடச் சற்றே கூடுதலான தூரத்தில் பறக்கும். அபோபிஸின் அளவோ, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது! இவ்வளவு பெரிய சிறுகோள் இத்தனை அருகில் வருவது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறையே.

அதை நாம் பார்க்கலாமா? ஆஸ்திரேலியாவின் வானில் தொடங்கி, இந்தியப் பெருங்கடலின் மேலாக மேற்கு நோக்கி நகர்ந்து, ஆப்பிரிக்காவைக் கடந்து, மிக நெருங்கும் நேரத்தில் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் இருக்கும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் உள்ளோர் அதை மூன்றாம் தர ஒளியுள்ள ஒரு விண்மீனைப்போல் வெறுங்கண்ணாலேயே காணலாம். நாம் அது நெருங்கி வரும் கட்டத்தில், ஏப்ரல் 13 இரவில் தேட வேண்டும். அப்போது மங்கலாகவே இருக்கும் என்பதால், இருகண் நோக்கி ஒன்று துணை செய்யும்.

பாதை மாறுவது ஏன்?

பூமியைக் கடக்கும்போது அபோபிஸின் வேகம் நொடிக்கு 7.4 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை ஏறத்தாழ 27 பாகை வளைத்துவிடும். பூமியிலிருந்து பார்த்தால், அது எந்த வேகத்தில் வந்ததோ அதே வேகத்தில் விலகிப் போகும்; திசை மட்டுமே மாறும். ஆனால் பூமியே நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? எனவே சூரியனை வைத்துப் பார்த்தால், திசை மாறிய அபோபிஸ் முன்னைவிட வேகம் மிகுந்ததாகிறது. கிரிக்கெட்டில் அசையாமல் பிடித்த மட்டையில் பட்ட பந்தைவிட, வீசிய மட்டையில் பட்ட பந்து விரைந்து போவதை ஒத்தது இது. இங்கே மட்டையின் வேலையைச் செய்வது ஓடும் பூமியின் ஈர்ப்பு.

வேகம் மிகுந்தால் பாதை பெரிதாகும். அபோபிஸின் சராசரித் தொலைவு 0.92இலிருந்து 1.10 அலகாக வளரும். சுற்றுக் காலம் சுமார் 423 நாட்களாகும். ஏடன் வகையாக வந்தது அப்பல்லோ வகையாகத் திரும்பிச் செல்லும்!

சாவித்துளை

இந்த மாற்றமே வானியலாரின் அடுத்த கவலையாயிற்று. புதிய சுற்றுக் காலம் 423க்குப் பதிலாக 426 நாட்களாக அமைந்தால் என்ன ஆகும்? ஆறு சுற்றுகளுக்கு 2556 நாட்கள். பூமி ஏழு முறை சுற்றவும் ஏறத்தாழ அதே 2556 நாட்கள்தான். அப்படியானால் 2036 ஏப்ரலில் இரண்டும் பழைய இடத்தில் மீண்டும் சந்திக்கும். இம்முறை மோதலாகவும் இருக்கலாம்.

பூமிக்கு அருகேயுள்ள வெளியில் சுமார் 600 மீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு பகுதியின் வழியே சென்றால்தான் அபோபிஸுக்கு அந்தக் குறிப்பிட்ட சுற்றுக் காலம் கிடைக்கும். இத்தகைய பகுதியைச் சாவித்துளை என்று பொருத்தமாகவே அழைத்தனர். அபோபிஸ் அதன் வழியே செல்லாது என்பது 2013ஆம் ஆண்டு எடுத்த அளவீடுகளால் உறுதியாயிற்று. 423 நாள் கணக்கில் ஆறு சுற்றுகள் 18 நாட்கள் முந்தியே முடிந்துவிடும். அந்த 18 நாட்களில் பூமி நான்கரைக் கோடி கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துவிடும். 2036இல் இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ இவ்வளவுதான்.

வெயில் தள்ளும் கல்

2036 போயிற்று. ஆனால் 2068 எஞ்சி நின்றது. அதைக் கணக்கிட, ஈர்ப்பைத் தவிர இன்னொரு மெல்லிய விசையையும் சேர்க்க வேண்டியிருந்தது. கோடைக் காலத்தில் மொட்டை மாடித் தளம், சூரியன் இறங்கிய பின்னும் நெடுநேரம் சூடாயிருப்பதை உணர்ந்திருப்பீர்கள். சுழலும் சிறுகோளிலும் மாலைப் பக்கம் காலைப் பக்கத்தைவிட மிகுந்த வெப்பத்தை வெளியிடுகிறது. வெளியேறும் வெப்பக் கதிர்கள் கல்லின்மீது ஒரு சிறு எதிர்விசையைச் செலுத்துகின்றன. இதற்கு யார்க்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர்.

அபோபிஸ் சூரியனைச் சுற்றும் திசைக்கு எதிராகத் தன்னைத்தானே சுற்றுவதால், இவ்விசை அதன் வேகத்தைத் தடுக்கிறது. அதன் விளைவாகச் சராசரித் தொலைவு ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் சுருங்குகிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் பாதையில் 200 மீட்டர் ஒரு பொருட்டா என்று வினவலாம். சாவித்துளையின் அகலம் சில நூறு மீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இறுதித் தீர்ப்பை வழங்கியது ரேடார். 2021 மார்ச்சில் அபோபிஸ் 1 கோடியே 70 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் சென்றபோது, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலுள்ள 70 மீட்டர் அலைவாங்கியிலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பினர். அவை சிறுகோளில் பட்டுத் திரும்ப இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. இதிலிருந்து அதன் தொலைவை ஏறத்தாழ 150 மீட்டர் நுட்பத்துடன் அளந்தனர். 2068 ஆபத்தும் நீங்கியது. குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அபோபிஸால் பூமிக்குத் தீங்கில்லை என்று அறிவித்தனர்.

இனிச் செய்ய வேண்டியவை

ஆபத்து நீங்கியதும் அபோபிஸ் ஓர் அரிய ஆய்வுப் பொருளாகிவிட்டது. பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியை மாற்றும். மேற்பரப்பில் சிறு மண்சரிவுகளையும் உண்டாக்கக்கூடும். இதைக் கண்டறிய, பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் மண் கொண்டுவந்து சேர்த்த அமெரிக்க விண்கலம், ஓசிரிஸ் அபெக்ஸ் என்ற புதுப் பெயருடன் அபோபிஸை நோக்கிச் செல்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் ராம்சேஸ் என்னும் கலத்தை 2028இல் ஏவத் திட்டமிட்டுள்ளது.

என்றாவது ஒரு நாள் வேறொரு சிறுகோளின் முகவரியில் நமது கதவிலக்கமே எழுதியிருந்தால் என்ன செய்வது? 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்னும் விண்கலத்தை டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின்மீது மோதவிட்டுப் பார்த்தனர். 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக் காலம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. மனிதன் ஒரு வான்பொருளின் பாதையை வேண்டுமென்றே மாற்றியது அதுவே முதன்முறை. ஆனால் இம்முறை பயன்பட வேண்டுமாயின், சிறுகோளை நெடுங்காலம் முன்னதாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் கொடுக்கும் ஒரு சிறு தள்ளல் போதும். பத்து நாட்களுக்கு முன் எவ்வளவு பெரிய தள்ளலும் போதாது. ஆழிப்பேரலை வந்த அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. வானத்திலிருந்து வரும் ஆபத்தில் அந்நிலை நேராதிருக்க, இரவுதோறும் தொலைநோக்கிகள் விழித்திருக்கின்றன.

நீங்களே கணக்கிடுங்கள்

1. பென்னுவின் சராசரித் தொலைவு 1.126 வானியல் அலகு. அதன் சுற்றுக் காலம் எத்தனை நாட்கள்?

2. தரையிலிருந்து 32,000 கிலோமீட்டர் தொலைவில், நொடிக்கு 7.4 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அபோபிஸ், அரைப் பாகை அகலமுள்ள முழுநிலவின் குறுக்களவு தூரத்தை வானில் கடக்க எத்தனை நொடிகள் ஆகும்?

(விடைகள்: 1. ஏறத்தாழ 436 நாட்கள். 2. ஏறத்தாழ 38 நொடிகள்.)